பக்கத்துப் பள்ளியும் நம் பள்ளியே



அயனம்பாக்கத்தில் காலை எட்டரை மணிக்குச் சாலையோரம் சற்று நின்று பாருங்கள். இரண்டு ஊர்வலங்கள் நம் கண்முன் செல்லும். ஒன்று, மஞ்சள் நிறப் பள்ளி வாகனங்களின் ஊர்வலம். கழுத்துப்பட்டையும் பளபளக்கும் காலணியும் அணிந்த பிள்ளைகள் அவற்றிலே அமர்ந்திருப்பர். நம் பங்குக் குடும்பங்களின் செல்வங்கள் பெரும்பாலும் அவற்றில்தான் செல்கின்றனர். மற்றொன்று, கால்நடையாகச் செல்லும் சிறாரின் ஊர்வலம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிகளாக உழைப்போர், கட்டட வேலை செய்வோர், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலை பார்ப்போர், இரவுக் காவல் காப்போர் ஆகியோரின் பிள்ளைகள் இவர்கள். அக்காள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, வாகனங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, அரசுப் பள்ளியை நோக்கி நடப்பாள்.

முதல் ஊர்வலத்தைப் பற்றி நாம் இரவும் பகலும் கவலைப்படுகிறோம். இரண்டாவது ஊர்வலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் யார்? அரசாங்கம் என்போம்; ஆசிரியர் என்போம்; அப்பிள்ளைகளின் பெற்றோர் என்போம். இம்மூன்றும் சரியான விடைகளே. ஆயினும், நான்காவது விடை ஒன்றும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னர், எமது பங்கில் நடந்த ஒரு நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்லிவிட விரும்புகிறோம். அதில் நமக்குப் பெருமை ஏதும் இல்லை.

பையில் எழுதியிருந்தது என்ன?

கொரோனாத் தொற்றுக்குப் பின் பள்ளிகள் மீண்டும் திறந்த காலம். அருகிலுள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு நம்மால் இயன்றதைச் செய்ய வேண்டுமென்று பங்குப் பேரவையில் முடிவு செய்தோம். நன்கொடை திரட்டினோம். பைகளும் குறிப்பேடுகளும் வாங்கினோம். ஒவ்வொரு பையிலும் நம் சபையின் பெயரைப் பெரிய எழுத்துகளில் அச்சிடுவித்தோம். பதாகை கட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பைகளை வழங்கி, நிழற்படமும் எடுத்துக்கொண்டோம்.

விழா முடிந்து பிள்ளைகள் கலைந்தபோது ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நம் அருகில் நின்றாள். அவளோடு பேசவேண்டும் என்ற ஆவலில், "அம்மா, உன் பையிலே என்ன எழுதியிருக்கிறது? படி பார்க்கலாம்" என்றோம். அவள் எழுத்துகளைப் பார்த்தாள். பிறகு நம் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் எழுத்துகளைப் பார்த்தாள். "பு" என்றாள். "னி" என்றாள். அதற்குமேல் செல்லவில்லை. "புனித" என்ற மூன்றெழுத்துச் சொல்லைக் கூட்டிப் படிக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இயலவில்லை. வெட்கத்தோடு சிரித்துவிட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

தலைமையாசிரியை அருகில் நின்றுகொண்டிருந்தார். நல்லவர்; உழைப்பாளி. "ஃபாதர், தப்பாக நினைக்காதீர்கள். அவள் மூன்றாம் வகுப்பு முழுவதும் வீட்டில் இருந்தவள். பை அரசாங்கமே தந்துவிடுகிறது. இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்க ஓர் ஆள் இருந்தால் போதும்" என்று மெல்லச் சொன்னார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் கொடுத்தது பை. அவள் கேளாமலே கேட்டது வேறொன்று.

கடம்பத்தூர் காட்டிய வழி

பொருள் கொடுப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. பொருளே பள்ளிகளைக் காத்த காலமும் ஒன்று இருந்தது. அந்த வரலாறு நமக்கு வெகு அருகில்தான் இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து அரக்கோணம் மார்க்கமாகச் செல்லும் மின்ரயிலில் திருவள்ளூரைத் தாண்டினால் கடம்பத்தூர் என்னும் நிலையம் வரும். அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரிலேதான் 1958-ஆம் ஆண்டில் முதலாவது பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. கர்மவீரர் காமராசர் முதலமைச்சர், திரு. நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநர். "உங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்ன வேண்டும்?" என்று ஊராரிடமே கேட்டுப் பட்டியல் எழுதுவதும், அதில் தம்மால் இயன்றதை ஊராரே ஏற்றுக்கொள்வதும் அம்மாநாட்டின் முறை. ஒருவர் கரும்பலகை தந்தார்; ஒருவர் பலகை இருக்கை தந்தார்; ஒருவர் கூரை மேய்ந்து கொடுத்தார்; நிலம் உள்ளவர் விளையாடுமிடம் தந்தார். அடுத்தடுத்து மாவட்டந்தோறும் இத்தகைய மாநாடுகள் நடைபெற்றன. 1956-இல் தொடங்கிய பள்ளி மதிய உணவும் முதலில் ஊராரின் பிடி அரிசியாலும் நன்கொடையாலும் நடந்ததே. அரசின் பங்கு பின்னர்தான் வந்து சேர்ந்தது.

அன்று பள்ளிக்குச் சுவர் இல்லை. ஊரார் சுவர் கொடுத்தனர். பிள்ளைக்குச் சோறு இல்லை. ஊரார் சோறு கொடுத்தனர். இல்லாதது எது என்று கேட்டறிந்து கொடுத்தார்களே, அதுதான் கடம்பத்தூரின் சிறப்பு. நாமோ கேட்காமலே பை வாங்கினோம்!

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் மதிய உணவை விரிவாக்கிற்று. பாடநூல், குறிப்பேடு, சீருடை, காலணி, பை ஆகிய யாவும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையின்றி வந்து சேருகின்றன. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 15, காமராசர் பிறந்த நாளன்று, ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது நீண்டது. அந்தத் தொடக்கவிழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி என்பதை நம் மக்களில் பலர் நன்றியோடு நினைவுகூர்வர்.

அப்படியாயின் இன்று இல்லாதது யாது? அதைத்தான் அத்தலைமையாசிரியை சொன்னார். பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இல்லை.

ஆசிரியரால் ஏன் இயலாது?

"அதற்குத்தானே ஆசிரியருக்குச் சம்பளம்?" என்று நம்மவர் சிலர் கேட்பர். கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆயின், சிறிய தொடக்கப் பள்ளி ஒன்றின் வகுப்பறைக்குள் ஒருநாள் இருந்து பாருங்கள். இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பர். அவர்களுள் சரளமாய்ப் படிப்பவன் ஒருவன், எழுத்துக் கூட்டுபவன் ஒருவன், எழுத்தே அறியாதவள் ஒருத்தி, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ தொழில் தேடி வந்த பெற்றோரின் பிள்ளையாய்த் தமிழே புரியாமல் விழிப்பவன் ஒருவன். பாடமும் நடத்தி, பதிவேடுகளையும் நிரப்பி, ஒவ்வொரு பிள்ளை அருகிலும் பத்து நிமிடம் உட்கார்ந்து படிக்கக் கேட்பது ஒருவரால் எப்படி இயலும்? நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடத்தை நாம் கொடுக்கிறோம். அல்லது தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டி வாங்குகிறோம். இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் எழுத்தறியாத தாய் அதை எங்கிருந்து கொடுப்பாள்?

அந்தப் பத்து நிமிடத்தின் ஆற்றலைத் தமிழகம் அண்மையில் கண்கூடாகக் கண்டது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. ஏறத்தாழ 19 திங்கள்! அவ்விழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, அவர்கள் வாழும் தெருவிலேயே, மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், அவ்வூர்த் தன்னார்வலரே கற்பிப்பது திட்டம். ஒருவருக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. திண்ணையிலும் கோவில் மண்டபத்திலும் மரத்தடியிலும் இலட்சக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், பாய் விரித்து அமர்ந்தனர்.

பயன் விளைந்ததா? தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த பொருளியல் அறிஞர்கள் 2022-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பள்ளி மூடியதால் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டுவிட்டதாம். அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் வந்ததாம். பெரிய பட்டங்கள் பெறாத அண்டை வீட்டு அக்காள்மார் செய்த வேலை இது! அதே நோக்கத்தோடு, எட்டு வயதிற்குள் ஒவ்வொரு பிள்ளையும் எழுத்தும் எண்ணும் அறியவேண்டுமென்ற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூன் திங்களில் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்திலே தொடங்கப்பட்டது.

திருச்சபைக்குப் புதியதன்று

இத்தொண்டு நம் திருச்சபைக்குப் புதியதன்று. 1597-ஆம் ஆண்டில் உரோமை நகரின் திரஸ்தேவரே பகுதியில், ஒரு சிறு கோவிலை ஒட்டிய அறைகளில், தெருவில் திரிந்த ஏழைச் சிறுவரை அமர்த்தி, விலையின்றிக் கற்பிக்கத் தொடங்கினார் ஸ்பெயின் நாட்டுக் குருவான புனித யோசேப்பு கலசான்ஸ். நம் காலத்திற்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்கு அப்பால், மலைமேல் பார்பியானா என்றொரு குக்கிராமம். 1954 இறுதியில் அங்குப் பங்குத்தந்தையாய் அனுப்பப்பட்டார் லொரென்சோ மிலானி. சாலையில்லை, குடிகள் மிகச் சிலர். அரசுப் பள்ளித் தேர்வுகளில் தோற்றுத் திரும்பிய உழவர் பிள்ளைகளைப் பங்கு இல்லத்திலேயே கூட்டிப் பள்ளி நடத்தினார். ஞாயிறும் விடுமுறையும் இல்லாத பள்ளி அது. பெரிய பிள்ளைகள் சிறியவருக்குக் கற்பித்தனர். அவருடைய மாணவர் எண்மர் சேர்ந்து, ஏழைப் பிள்ளைகளைத் தோல்வியுறச் செய்து வெளியேற்றும் பள்ளி முறையைக் கண்டித்து, ஓர் ஆசிரியைக்கு எழுதும் மடலாக ஒரு நூலை 1967-இல் வெளியிட்டனர். உலக மொழிகள் பலவற்றில் அந்நூல் பெயர்க்கப்பட்டது. அதே ஆண்டில் தம் 44-ஆவது வயதில் தந்தை மிலானி காலமானார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017 ஜூன் 20 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அம்மலைக்குச் சென்று அவர் கல்லறையில் செபித்தார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதல் ஆசான்கள் பெற்றோரே எனக் கற்பிக்கிறது. கத்தோலிக்கப் பள்ளி அல்லாத பள்ளிகளில் பயிலும் பெருந்தொகையான பிள்ளைகள்பாலும் திருச்சபைக்கு அக்கறை உண்டு என்பதையும் அது கூறுகிறது. நம் கண்களோ, நாம் நடத்தும் பள்ளியின் மதிற்சுவரோடு நின்றுவிடுகின்றன.

வாசலில் நின்ற சிறுவன்

இவற்றையெல்லாம் ஞாயிறு மறையுரையில் எடுத்துரைத்தோம். திருப்பலி முடிந்ததும் 14 பேர் பெயர் கொடுத்தனர். தலைமையாசிரியையின் இசைவோடு, கிழமைக்கு ஒரு மணி நேரம், ஒருவருக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் என்று பிரித்துக்கொண்டோம். முதல் மாதம் திருவிழாப் போலிருந்தது. இரண்டாம் மாதம் ஒன்பது பேர் வந்தனர். மூன்றாம் மாதம் ஐவரே எஞ்சினர். நாமும் பங்கு விழா வேலைகளில் மூழ்கி அதைக் கவனியாமல் விட்டோம்.

ஒருநாள் தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். "ஃபாதர், வியாழக்கிழமை வருகிற அந்தத் தம்பி இனிமேல் வருவாரா, மாட்டாரா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வாரந்தோறும் சாப்பிட்டு முடித்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கிறான். உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்கிறான்" என்றார்.

அவ்விளைஞரை அழைத்துக் கேட்டோம். தொழிற்சாலையில் பணி நேரம் மாறிவிட்டதாம். சொல்லக் கூச்சப்பட்டு நின்றுவிட்டாராம். அவரை நாம் கடிந்துகொள்ளவில்லை. பெயர்களை எழுதிக்கொண்ட நாமன்றோ அவரைப் பின்னர் விசாரித்திருக்க வேண்டும்? அடுத்த வியாழனன்று நாமே சென்றோம். பையன் வாசலில் நின்றான். நம் அங்கியைக் கண்டு சற்று ஒதுங்கி, நமக்குப் பின்னால் சாலையை எட்டிப் பார்த்தான். "அண்ணன் வரலையா?" என்றான். மூன்று தலைமுறைக்குப் பூசை வைத்த குருவைப்போல் எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறோம். அச்சிறுவனுக்கு என்ன சொல்வதென்று நமக்குத் தெரியவில்லை.

ஏழைப் பிள்ளைகளின் வாழ்வில் பெரியவர் பலர் வந்து போகின்றனர். தந்தைக்கு வேலை மாறும்; வீடு மாறும்; ஆசிரியர் மாற்றலாகிச் செல்வர். இவர்களோடு வாக்குக் கொடுத்துவிட்டு வராமற்போகும் இன்னொருவரையும் நாம் சேர்த்துவிட்டோம். பை கொடுக்காதிருந்தால் அவனுக்கு ஒன்றும் குறைந்திராது. வருவதாகச் சொல்லிவிட்டு வராதிருந்தது அவனுக்குக் குறைதான். தொண்டு செய்ய விழைவோர் இதை முதலாவதாக நினைவிற்கொள்ள வேண்டும்: சிறிதளவே வாக்குக் கொடுங்கள், கொடுத்ததைத் தவறாமல் காப்பாற்றுங்கள்.

அதன்பின் முறையை மாற்றினோம். மூன்று திங்களுக்கு மட்டும் பெயர் கொடுக்கலாம், விருப்பமிருந்தால் புதுப்பிக்கலாம். வர இயலாத நாளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மாற்றாள் ஒருவர் செல்வார். விலகுவோர் பிள்ளையிடம் நேரில் சொல்லி விடைபெற்றே விலக வேண்டும். அவ்விளைஞரும் ஒருநாள் விடுப்பு எடுத்து வந்து அச்சிறுவனிடம் சொல்லிச் சென்றார். இப்பொழுது ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் அவனோடு அமர்கிறார்.

என்ன செய்யலாம்? எப்படிச் செய்யலாம்?

இவ்வழியில் இறங்க விரும்பும் பங்குகளுக்கும் குடும்பங்களுக்கும் பட்டறிவால் கற்ற சிலவற்றைச் சொல்வோம்.

முதலாவது, தலைமையாசிரியரைக் கண்டு, என்ன வேண்டுமென்று கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தில், சொல்லும் இடத்தில், சொல்லும் பணியைச் செய்யுங்கள். ஆசிரியரைக் குறைகூறவோ மேற்பார்வை செய்யவோ நாம் செல்லவில்லை.

இரண்டாவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. ஆசிரியர் பார்வையில், திறந்த அறையில், பலர் நடுவிலேயே அமருங்கள். எந்தப் பிள்ளையோடும் தனித்திருக்கலாகாது, வெளியே அழைத்துச் செல்லலாகாது, நிழற்படம் எடுக்கலாகாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டத்தை ஒவ்வொரு தொண்டரும் அறிந்திருத்தல் கடமை. ஆபத்திலுள்ள பிள்ளைக்கு உதவ 1098 என்ற எண் இருக்கிறது.

மூன்றாவது, அது எல்லாருடைய பள்ளி. அங்கே நாம் மறைக்கல்வி நடத்தச் செல்லவில்லை. செபமாலையைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். நம் விசுவாசம் நம் பொறுமையில் தெரிந்தால் போதும்.

நான்காவது, படிக்க வைக்கும் முறை. பிள்ளை படிக்கட்டும்; நீங்கள் கேளுங்கள். தடுமாறினால் சொல்லை எடுத்துக்கொடுத்துத் தொடரச் செய்யுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்தினால் கதை செத்துவிடும். ஒரே கதையை மூன்று முறை படிப்பதில் நட்டமில்லை. மூன்றாம் முறை குரல் உயர்வதைக் கேட்பீர்கள். கணக்கிற்குப் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் போதும். வேற்று மொழிப் பிள்ளையிடம் அவன் மொழியில் 'தண்ணீர்' என்பதற்கு என்ன சொல் என்று முதலில் கேளுங்கள். தன் மொழியை மதிப்பவரிடம் அவன் தமிழை விரைவில் கற்பான்.

ஐந்தாவது, பாடத்திற்கு அப்பாலும் கல்வி உண்டு. ஓவியம் வரையத் தெரிந்தவர், பாடத் தெரிந்தவர், மிதிவண்டி பழுதுபார்க்கத் தெரிந்தவர் யாவரும் பள்ளிக்கு வேண்டியவரே. அயனம்பாக்கத்து ஏரிக்கு வரும் பறவைகளின் பெயரை அறிந்தவர் ஒருவர் இருந்தால், அவரே ஒரு நூல்நிலையம்.

ஆறாவது, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நம் அன்பியங்களில் அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் உளர். அவர்களை அக்குழுவில் பங்கேற்க ஊக்குவியுங்கள். கூட்டத்தில் எழுந்து பேசப் பழகாத தாய்க்கு உடன் ஒருவர் துணை இருந்தால் அவளும் பேசுவாள்.

"நாம் என்ன படித்தோம்?"

"நாங்கள் அதிகம் படிக்கவில்லையே, சுவாமி" என்போருக்கு ஒரு செய்தி. எஞ்சிய ஐவருள் ஒருவர் ஐந்தாம் வகுப்போடு நின்ற பாட்டியார். அவருக்குப் படிக்க வைக்கத் தெரியாது. கதை சொல்லத் தெரியும். அவர் சொன்ன கதையைப் பிள்ளைகள் எழுதினர், எழுதியதைப் படித்துக்காட்டினர், "நான் அப்படியா சொன்னேன்?" என்று பாட்டியார் சண்டை பிடித்தார். அவ்வகுப்பில் எழுதத் தயங்கிய பிள்ளைகளும் எழுதலாயினர்.

"நேரமில்லை" என்போரே, கிழமைக்கு 168 மணி நேரம் உண்டு. அதில் ஒன்றைக் கேட்கிறோம். அதையும் தர இயலாதவர், தயவுசெய்து பெயர் கொடுக்காதீர்கள். அதுவும் ஓர் உதவியே. வாசலில் ஒரு பிள்ளையைக் காக்க வைக்கமாட்டீர்கள் அல்லவா?

பையை அணைத்துக்கொண்டு ஓடிய அச்சிறுமி என்னவானாள் என்று கேட்பீர்கள். அவ்வாண்டு முழுவதும் நம் பங்கின் கல்லூரி மாணவி ஒருத்தி அவள் பக்கத்தில் அமர்ந்தாள். ஆண்டிறுதியில் பள்ளிக்குச் சென்றிருந்தோம். நம்மைக் கண்டதும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அச்சு பாதி அழிந்திருந்தது. எஞ்சியிருந்த எழுத்துகளை விரல் வைத்து உரக்கப் படித்தாள். அழிந்த இடத்தில் நிறுத்தி, "இங்கே என்ன எழுதியிருந்தது?" என்று நம்மைக் கேட்டாள். "அது அவ்வளவு முக்கியமில்லை, அம்மா" என்றோம்.

வரும் ஜூன் திங்களில் பள்ளிகள் திறக்கும். இரண்டு ஊர்வலங்களும் மறுபடி நம் சாலைகளில் செல்லும். உங்கள் பிள்ளையை வாகனத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, நடந்து செல்லும் பிள்ளைகளையும் ஒருமுறை நோக்குங்கள். அவர்களது பள்ளி உங்கள் வீட்டிலிருந்து எத்தனை அடி தூரம் என்று எண்ணிப் பாருங்கள். பின்னர் ஒருநாள் அவ்வாசலுக்குச் சென்று, "எங்களால் ஆவது ஏதேனும் உண்டா?" என்று கேளுங்கள். உண்டு என்றால், சொன்ன கிழமையில், சொன்ன நேரத்தில் போய் உட்காருங்கள். அடுத்த கிழமையும் செல்லுங்கள்.